வீட்டுக்கு வந்த வைத்தியம்



காசநோய்க்குரிய மருந்துகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று வாசகர் வட்டத்து இளைஞர்கள் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்டபோது, அந்த வியாதிக்கென்றே படித்துப் பட்டம் பெற்ற வைத்தியர்கள் இவ்வூரில் இருக்க, அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து மாத்திரை எண்ணிக் கொடுத்ததைத் தவிர வேறு வித்தை அறியாத என்னை எதற்காக அழைக்கிறார்கள் என்று முதலில் தயங்கினேன். பிறகு யோசித்துப் பார்க்கையில், ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை எந்த மாதம் நீளும், எந்த மாதம் நீளாமற் போகும் என்ற விஷயம், மருந்தின் ரசாயனத்துக்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையது என்றும், அதைப் பற்றிச் சொல்ல எனக்கும் அரைப்படி அதிகாரம் உண்டென்றும் தோன்றிற்று. அந்தத் தைரியத்தில் வந்திருக்கிறேன்.

இந்த நோய்க்கு நம்மவர் வைத்த பெயர்கள் பல. என்புருக்கி என்றார்கள், ஈளை என்றார்கள், க்ஷயம் என்றார்கள். வடமொழி வைத்திய நூல்கள் ராஜயக்ஷ்மா என்று குறித்து, அதற்கு ஒரு புராணக் கதையையும் சேர்த்து வைத்தன. தக்ஷனுடைய இருபத்தேழு பெண்களையும் மணந்த சந்திரன், ரோகிணி ஒருத்தியிடமே மயங்கிக் கிடந்தானாம்; மற்றப் பெண்கள் தகப்பனிடம் போய் முறையிட, தக்ஷன் அவனை க்ஷயம் பிடிக்கும்படி சபித்தானாம்; நாளுக்கு நாள் தேய்ந்த சந்திரன் சிவபெருமானைச் சரணடைய, சாபம் முழுவதும் நீங்காமல், பாதி மாதம் தேயவும் பாதி மாதம் வளரவும் வரம் கிடைத்ததாம். இக்கதையைக் கட்டியவர்கள் வியாதியை அருகிலிருந்து பார்த்தவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ரத்தம் கக்கிப் படுத்தவர் இரண்டு மாதத்தில் எழுந்து நடப்பார், கன்னத்தில் செம்மை தோன்றும், வீட்டார் பொங்கலிட்டுப் படைப்பார்கள், அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் படுப்பார். தேய்வதும் வளர்வதுமாகிய இந்தச் சுபாவத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். மருந்துகள் வந்த பிறகும் அது நம்மை விட்டுப் போகவில்லை.

1882 மார்ச் 24ஆம் தேதி பெர்லினில் ராபர்ட் கோக் இந்நோயின் கிருமியைக் கண்டு சொன்னார். எட்டு வருஷம் கழித்து அவரே டியூபர்குலின் என்ற சரக்கை மருந்தென்று அறிவித்து, அது மருந்தன்று என்று ஜனங்கள் அனுபவத்தில் தெரிந்து கொண்டதையும் சரித்திரம் சொல்லுகிறது. கிருமி தெரிந்தும் மருந்து தெரியாத அறுபது வருஷ காலத்தில் வைத்தியம் என்பது காற்றும் வெயிலும் பாலும் முட்டையும் படுக்கையுமாகவே இருந்தது. மலையடிவாரத்திலும் ஊருக்கு வெளியிலும் சானடோரியங்கள் எழுந்தன. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் அத்தகைய ஒரு விடுதியை நடத்தியவர் சௌரி முத்து என்ற நம் நாட்டு வைத்தியர். கணித மேதை ராமாநுஜன் அவருடைய பராமரிப்பில் சில காலம் இருந்தார். (ராமாநுஜனுக்கு வந்தது காசநோயே அன்று, ஈரலில் குடியேறிய அமீபாவாக இருக்கலாம் என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் வாதிக்கிறார்கள், அந்தக் காலத்தில் மெலிந்து காய்ச்சலில் கிடந்தவர் எல்லாரையும் க்ஷயரோகி என்று சொல்லிவிடுவது எளிது.) அந்தச் சௌரி முத்துவே 1928இல் தாம்பரத்தில் சானடோரியத்தை நிறுவினார்; ரயில் நிலையத்துக்கே அப்பெயர் நிலைத்துவிட்டதால், சானடோரியம் என்றால் ஓர் ஊர் என்று நினைத்துக் கொண்டிருக்கிற குழந்தைகள் இன்றும் இருக்கிறார்கள்.

சானடோரியத்தை நான் பரிகசிக்க விரும்பவில்லை. ஆனால் அங்கே போனவர்கள் யார், போகாதவர்கள் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் படுத்திருக்க வசதியுள்ளவர் போனார்கள்; அல்லது தர்மப் படுக்கை கிடைத்த ஒரு சிலர் போனார்கள். மற்றவர்கள் குடிசையின் மூலையில், தனிக் குவளையும் தனிப் பாயுமாக, இருமலை முந்தானையில் அடக்கிக்கொண்டு மறைந்தார்கள். எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948இல், 42ஆவது வயதில், இந்த வியாதிக்கு இரையானார்.

அவர் மறைந்த சில மாதங்களுக்குள், அதே வருஷம் அக்டோபரில், லண்டனிலிருந்து வெளிவரும் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் ஓர் அறிக்கை அச்சாயிற்று. அதற்கு ஐந்து வருஷம் முன்பு, 1943இல், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் நிலவறையில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரினின்று ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்திருந்தார். ஆசிரியர் செல்மன் வாக்ஸ்மன் பெயருக்கே புகழ் சென்றது. மாணவர் வழக்குத் தொடுத்து, கூட்டுக் கண்டுபிடிப்பாளர் என்ற அந்தஸ்தைச் சமரசத்தில் பெற்றார். ஆயினும் 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே கிடைத்தது. குருதட்சிணை எல்லாக் காலத்திலும் கட்டைவிரலாகவே இருக்கிறது போலும்.

லண்டன் அறிக்கை சொன்னது இது. யுத்தத்தில் நொந்துபோன இங்கிலாந்துக்கு அமெரிக்காவிலிருந்து நிறைய மருந்து வாங்கப் பணமில்லை. இருக்கிற சொற்ப மருந்தை யாருக்குக் கொடுப்பது என்ற சங்கடத்தையே பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளிவிவர நிபுணர் ஒரு சாதனமாக மாற்றிக் கொண்டார். ஒட்டிய உறைகளுக்குள் சீட்டுகளை வைத்து, உறையைப் பிரித்தால் எந்தச் சீட்டு வருகிறதோ அதன்படி 55 பேருக்குப் படுக்கையோடு மருந்தும், 52 பேருக்கு வெறும் படுக்கையுமாகச் சிகிச்சை நடந்தது. ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அதே அறிக்கையில் தேய்பிறையும் இருந்தது. தேறியவர்களில் பலருடைய சளியில் இரண்டொரு மாதங்களுக்குப் பின் கிருமிகள் மறுபடியும் பெருகின. அவை ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அஞ்சாத கிருமிகள். ஐந்து வருஷம் கழித்துக் கணக்கெடுத்தபோது இரு சாராரிலும் பாதிக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். சந்திரனுக்குக் கிடைத்த வரம் போலத்தான் அந்த மருந்தும்.

இது ஏன் நேர்ந்தது என்பதற்கு நம் ஊர்க் கணக்கிலேயே விடை சொல்லலாம். நுரையீரலில் குழி விழுந்த ஒருவருடைய மார்பில் 10 கோடி கிருமிகள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். அவற்றில் 10 லட்சத்துக்கு ஒன்று வீதம், பிறவியிலேயே ஒரு மருந்துக்கு அடங்காத சுபாவத்தோடு பிறக்கின்றன. அப்படியானால் மருந்தின் முதல் வேளையன்றே அதற்கு அடங்காத 100 கிருமிகள் உள்ளே இருக்கின்றன. மருந்து மற்றவற்றைக் கொன்று அந்த நூற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. களை எடுக்கிறேன் என்று நெல்லைப் பிடுங்கிப் போட்டவன் கதைதான். ஆனால் வேறு வழியில் தாக்கும் இரண்டாவது மருந்து ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் அடங்காத கிருமி லட்சம் கோடியில் ஒன்றுதான் பிறக்க முடியும். பத்துக் கோடிக் கூட்டத்தில் அது பெரும்பாலும் இராது. காசநோய் வைத்தியத்தின் சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு பெருக்கல் கணக்கின் மேல் நிற்கிறது. ஆகவே ஒரு மருந்தைத் தின்று மற்றதை எறிந்துவிடுகிற நோயாளி, எதையுமே தின்னாதவரைவிடத் தமக்கும் பிறருக்கும் அதிகக் கெடுதல் செய்து கொள்ளக்கூடும். இதை ஜன்னல் வழியாக விளக்கிச் சொல்ல முப்பத்தொரு வருஷம் முயன்றிருக்கிறேன். கால்வாசிப் பேருக்குப் புரிந்திருந்தாலே அதிகம்.

அந்த இரண்டாவது மருந்து ஸ்வீடனிலிருந்து வந்தது. சாலிசிலிக் அமிலத்தைக் கொடுத்தால் காசக்கிருமி வேகமாகச் சுவாசிக்கிறது என்று ஓர் அமெரிக்கர் எழுதியிருந்த குறிப்பைப் படித்த யோர்கன் லேமன், அப்படியானால் அது கிருமிக்குப் பிரியமான ஆகாரமாயிருக்க வேண்டும், அதைப் போலவே தோன்றி அதுவாக இல்லாத ஒன்றைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சிந்தித்தார். அரிசியில் அரிசி நிறத்துக் கல்லைக் கலப்பதைப் போன்ற யுக்தி. பாரா-அமினோ சாலிசிலிக் அமிலம், சுருக்கமாகப் பி.ஏ.எஸ்., அவ்வாறு பிறந்தது. நாளொன்றுக்குப் பத்துக் கிராம் வரையில் விழுங்க வேண்டிய பொருள். வயிற்றைப் புரட்டும், நாக்குச் செத்துப் போகும். ஆனால் ஸ்ட்ரெப்டோமைசினோடு சேர்ந்தால் கிருமியின் சூழ்ச்சியை அடக்கிற்று.

மூன்றாவது மருந்தின் வரலாறு எனக்கு எப்போதுமே மனத்தை உறுத்துவது. ஐசோனியாசிட் என்று நாம் சொல்லும் வெள்ளைத் தூளை 1912இலேயே பிராக் நகரத்தில் மேயர், மாலி என்ற இரு ரசாயனிகள் ஆராய்ச்சிப் பட்டத்துக்காகச் செய்து, எழுதி, அலமாரியில் வைத்துவிட்டார்கள். அதைக் காசக்கிருமியின்மீது தெளித்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாற்பது வருஷத்துக்குப் பின்னர், அமெரிக்காவில் இரண்டும் ஜெர்மனியில் ஒன்றுமாக மூன்று மருந்துக் கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அதன் சக்தியைக் கண்டன. காப்புரிமை கோரலாம் என்று பார்த்தால், பொருள் 1912இலேயே ஊரறிந்ததாக இருந்தது. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஸீ வியூ ஆஸ்பத்திரியில், எழுந்திருக்க மாட்டார் என்று கைவிடப்பட்டிருந்த நோயாளிகள் அந்த மாத்திரையைத் தின்று எழுந்து, பசிக்கிறது என்று கேட்டு, வார்டின் நடுவே ஆடினார்கள். அந்தப் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. ஒருவருக்கும் ஏகபோகம் இல்லாமற் போனதால் விலை மலிந்தது. புதுமைப்பித்தன் ஆறு வயதுச் சிறுவனாக இருந்தபோதே இந்தத் தூள் உலகத்தில் இருந்தது என்பதை நினைத்தால், கண்டுபிடிப்பு என்ற சொல்லை நாம் எவ்வளவு சுலபமாக உபயோகிக்கிறோம் என்று தோன்றுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். நான் நிதானமாக நிற்க விரும்புகிற இடம் இதுதான்.

1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடெங்கும் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பில், சளியில் கிருமியோடு நடமாடுகிறவர்கள் ஏறத்தாழ 15 லட்சம் பேர் என்று தெரிய வந்தது. தேசத்தில் இருந்த காசநோய்ப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில் அடங்குவன. எத்தனை தாம்பரம் கட்டினாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது. அப்போது எழுந்த கேள்வி இது: மாத்திரைதான் கிருமியைக் கொல்லுகிறதென்றால், படுக்கை எதற்கு? ஐசோனியாசிடையும் பி.ஏ.எஸ்.ஸையும் கொடுத்து நோயாளியை அவர் வீட்டுக்கே அனுப்பிவிட்டால் என்ன? கேட்கச் சுலபமான கேள்விதான். ஆனால் அன்றைய வைத்திய உலகத்தில் அது ஏறக்குறைய நாஸ்திகம். ஓய்வில்லாமல், நல்ல ஆகாரமில்லாமல், காற்றோட்டமில்லாத ஒற்றையறையில் ஏழு பேரோடு படுத்துக்கொண்டு ஒருவன் க்ஷயத்திலிருந்து மீள முடியுமா? மீண்டாலும், அதற்குள் அந்த ஏழு பேருக்கும் தொற்றிவிடாதா?

இதை வாதத்தால் தீர்க்க முடியாதென்று உணர்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஒரு நிலையத்தை அமைத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் அதன் முதல் தலைவர். சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை, லண்டனில் செய்தது போலவே சீட்டு முறையால் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராரைச் சானடோரியத்துக்கும் மற்றொரு சாராரைத் தத்தம் வீட்டுக்கும் அனுப்பினார்கள். மருந்து இருவருக்கும் ஒன்றே. காலம் இருவருக்கும் ஒரு வருஷமே. சானடோரியத்தாருக்குப் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு, தாதியர். வீட்டாருக்கு அவர்களுடைய வழக்கமான சோறும், வழக்கமான சந்தடியும், உடம்பு சற்றுத் தேறியதும் வழக்கமான வேலையும்.

வீட்டுக்குப் போனவர்கள் வாரம் ஒருமுறை நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் செல்வார்கள். அவர்கள் உண்மையில் விழுங்குகிறார்களா என்று அறிய, முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குச் சென்று மிச்சமிருக்கும் மருந்தை எண்ணினார்கள், சிறுநீரை வாங்கிப் பெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார்கள், பி.ஏ.எஸ். உள்ளே போயிருந்தால் நிறம் மாறும். என்னைப் போன்ற மருந்துக்கடைப் புத்தி உள்ளவனுக்கு அந்த ஆராய்ச்சியில் மிகவும் ருசிக்கிற பாகம் இதுதான். உலகத்தின் பெரிய வைத்தியர்கள் மருந்தின் வீரியத்தை அளந்து கொண்டிருந்த காலத்தில், சேத்துப்பட்டில் யாரோ ஒருவர், மருந்து கொடுத்தோம் என்பதும் மருந்து உண்ணப்பட்டது என்பதும் இரு வேறு சமாசாரங்கள் என்று கண்டு, இரண்டாவதையும் அளப்பதற்கு ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொண்டு சந்து சந்தாக நடந்திருக்கிறார்.

1959இல் முடிவு வெளியாயிற்று. ஒரு வருஷ இறுதியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர், வீட்டில் நூற்றுக்கு 86 பேர். அந்தச் சிறு வித்தியாசமும் பின்வந்த வருஷங்களில் மறைந்தது. சானடோரியத்தார் உடல் எடை அதிகம் கூடியிருந்தார்கள் என்பது உண்மை. பாலும் முட்டையும் வீணாகவில்லை. ஆனால் கிருமியின் சாவுக்கு அவை அவசியமாக இருக்கவில்லை. இதைவிட ஆச்சரியம், குடும்பத்தாரைப் பற்றிய கணக்கு. நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களில், அவரைச் சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைக் காட்டிலும் புதிதாக நோய் அதிகம் பற்றவில்லை. தொற்றுவது பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகிறது என்பது அதன் பொருள். தனிக் குவளையும் தனிப் பாயும் கொடுத்து ஒதுக்கிய எத்தனை தாய்மாரை, மருந்து தொடங்கிய பின்னும் வருஷக்கணக்கில் நாம் ஒதுக்கியே வைத்திருந்தோம்!

உலகத்துச் சானடோரியங்களின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டதற்கும், பல இடங்களில் அவை பொது மார்பு நோய் ஆஸ்பத்திரிகளாக மாறியதற்கும் காரணங்கள் பல உண்டெனினும், சென்னையிலிருந்து வந்த இந்த அறிக்கை அவற்றுள் முக்கியமானது. ஏழை நாட்டில் ஏழைகளிடையே செய்த ஒரு பரிசோதனை பணக்கார நாடுகளின் வழக்கத்தை மாற்றிய சம்பவங்கள் அபூர்வம். இதை நம் பாடப் புத்தகங்கள் ஏன் விட்டுவிட்டன என்பது எனக்கு விளங்கவே இல்லை. ஒருவேளை வெற்றிபெற்றவர் பெயரென்று ஒன்று அதில் இல்லாததாலோ என்னவோ. அறிக்கையின் தலைப்பில் ஆசிரியர் பெயருக்குப் பதிலாக நிலையத்தின் பெயரே இருக்கிறது.

நான் உத்தியோகத்தில் சேர்ந்தது 1971இல். தாமிரபரணிக் கரையோரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. அப்போது பி.ஏ.எஸ். விடைபெற்றுக் கொண்டிருந்தது, அதன் இடத்தில் ஐசோனியாசிடையும் தயாசெட்டசோனையும் ஒன்றாக அடக்கிய மலிவான ஒற்றை மாத்திரை வந்திருந்தது. முற்றிய நோயாளிகளுக்கு முதல் இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் உண்டு. ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை மாத்திரை தின்ன வேண்டும். இருமல் மூன்றாவது மாதமே நின்றுவிடும். இருமல் நின்ற பிறகு, வலியில்லாத, காய்ச்சலில்லாத, வயலுக்கும் தறிக்கும் போகத் தொடங்கிவிட்ட ஒரு மனிதன், இன்னும் பதினைந்து மாதத்துக்குத் தினமும் தன்னை நோயாளி என்று நினைவூட்டுகிற ஒரு பொருளை விழுங்க வேண்டும். இந்தக் கிருமி இரண்டாகப் பிரியவே இருபது மணி நேரம் எடுத்துக் கொள்ளும். மற்றக் கிருமிகள் பலவற்றுக்கு அரை மணி போதும். அதிலும் சில, வளராமல் பிரியாமல் உறங்கிக் கிடக்கும். வளர்கிறதைக் கொல்லுகிற மருந்துக்கு உறங்குகிறது அகப்படாது. விழிக்கும்போது பிடிக்க வேண்டுமானால் காவல் நீண்டிருக்க வேண்டும். இவ்வளவையும் சொன்னால் கேட்டுக் கொள்வார்கள். அடுத்த மாதம் வரமாட்டார்கள்.

பீடி சுற்றும் அம்மாள் ஒருத்தி என் ஜன்னலுக்கு வருவாள். அவள் பகுதியாருக்கு மருந்து கொடுக்கும் நாள் சனிக்கிழமை. தவறினால் அடுத்த வாரம்தான். மூன்று மாதம் ஒழுங்காக வந்தவள், நாலாம் மாதம் ஒரு வாரம் கழித்து வந்தாள். ஐந்தாம் மாதமும் அப்படியே. எங்கள் பதிவேட்டில் அத்தகையவர்களுக்கு நேரே 'டிஃபால்டர்' என்று சிவப்பு மையில் எழுதுவோம்; கடன் வாங்கிக் கட்டாதவனுக்குப் பாங்கிக்காரர் வைத்த பெயர் அது. நான் அவளைப் பத்துப் பேர் முன்னிலையில் கடிந்து கொண்டேன். அவள் குரல் உயர்த்தாமல், “அண்ணாச்சி, சனிக்கெழம கூலி போடுத நாளு. அன்னைக்கு நா இங்க வந்து நின்னா, அங்க எம் பேரச் சொல்லிக் கூப்பிடும்போது யாரு போயி நிப்பா? மாத்திரய நா விடல்லியே. தீருத மாதிரி இருந்தா அரையரையா ஒடிச்சுப் போட்டுக்கிடுதேன்” என்றாள்.

அரையரையாக ஒடித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள்! தைரியசாலியான ஒருத்தியின் சிக்கனம், கிருமிக்கு எவ்வளவு சௌகரியமான ஏற்பாடு என்று எண்ணி நான் திடுக்கிட்டேன். அவளிடம் ரசாயனத்தைப் பற்றியோ லட்சம் கோடியைப் பற்றியோ பேசிப் பயனில்லை. கோளாறு அவளிடத்தில் இல்லை, எங்கள் காலண்டரில் இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து அவளுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலமே பொட்டலத்தைக் கொடுத்து, பதிவேட்டில் சனிக்கிழமை என்று எழுதினேன். விதிக்கு விரோதம்தான். ஓய்வூதியம் வாங்குகிறவன் இதை ஒரு சபையில் சொல்வதால் இனி ஆபத்தில்லை என்று நம்புகிறேன்.

பின்னர் வந்த மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1957இல் பிரான்ஸின் தென்கடற்கரைப் பைன் காட்டு மண்ணிலிருந்து மிலான் நகரத்து லெப்பெட்டி ஆய்வுக்கூடத்தார் ஒரு பொருளைப் பிரித்து, அப்போது பிரபலமாயிருந்த 'ரிஃபிஃபி' என்ற, திருட்டைப் பற்றிய சினிமாவின் பெயரை அதற்குச் செல்லமாகச் சூட்டினார்கள். அதன் வழிவந்ததே ரிஃபாம்பிசின். உறங்குகிற கிருமி சற்றே அசையும்போதும் பாய்ந்து பிடிக்கிற வல்லமை அதற்கு உண்டு. புளிப்பான இடத்தில் ஒளிந்த கிருமியைப் பைரசினமைடு தேடிப் பிடிக்கும். இவ்விரண்டும் சேர்ந்ததால் ஒன்றரை வருஷம் ஆறு மாதமாகச் சுருங்கிற்று. எத்தாம்பூட்டால் நாலாவதாகக் கூட நின்றது. கைம்மாறாக ஒவ்வொன்றும் ஏதாவது கேட்கத்தான் கேட்டது: ரிஃபாம்பிசின் சிறுநீரையும் கண்ணீரையும் செம்மஞ்சளாக்கும், பைரசினமைடு மூட்டைப் பிடிக்கும், எத்தாம்பூட்டால் சிலருக்கு நிறம் பிரித்தறியும் பார்வையைக் குறைக்கும், ஐசோனியாசிட் உள்ளங்காலில் எரிச்சல் உண்டாக்கும், அதற்குப் பைரிடாக்சின் என்ற வைட்டமின் போதும். முதல் நாள் மாத்திரை தின்றுவிட்டு, ரத்தமாகப் போகிறது என்று அலறிக்கொண்டு ஓடிவந்தவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் ஓடிவந்திருக்க மாட்டார்கள்; ஜன்னலில் கூட்டம் அதிகமான நாட்களில் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நாங்கள் முதலில் மிச்சம் பிடிப்போம்.

நான் ஓய்வு பெறும் தறுவாயில், ஒவ்வொரு நோயாளிக்கும் முழுச் சிகிச்சைக்குரிய மருந்தையும் ஒரே அட்டைப்பெட்டியில் வைத்து, அதன்மேல் அவர் பெயரை எழுதி, அங்கன்வாடி ஆசிரியையோ கடைக்காரரோ எதிரில் உட்கார்ந்திருக்க விழுங்கச் செய்யும் முறை வந்தது. நேரில் பார்த்துக் கொடுப்பது என்ற அந்த யோசனைக்கும் வேர் சேத்துப்பட்டிலேயே இருக்கிறது: வாரம் இருமுறை மேற்பார்வையில் மருந்து கொடுத்தால் போதுமா என்று அங்கே 1960களின் தொடக்கத்திலேயே சோதித்துப் பார்த்து, போதும் என்று கண்டிருந்தார்கள். எனக்கு அந்த முறையில் இருமனம். பெட்டியில் பெயர் எழுதியது மிக நல்ல காரியம்; அரசாங்கம் தனக்கென்று ஒன்றை ஒதுக்கி வைத்திருப்பதை ஓர் ஏழை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தான். ஆனால், வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்று வளர்ந்த மனிதனிடம் சொல்வது எனக்கு உவப்பாயில்லை.

ஐசோனியாசிடுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் அடங்காத கிருமி பெருகிய கதை துக்ககரமானது. அத்தகையவர்களுக்கு மாதக்கணக்கில் ஊசி குத்தினார்கள். ஸ்ட்ரெப்டோமைசினின் தாயாதிகளான கானமைசின் முதலிய அந்த ஊசிகள் பலருடைய காதைப் பறித்துக்கொண்டு உயிரைக் கொடுத்தன. 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெடாக்குவிலின், கிருமி தன் சக்தியை உற்பத்தி செய்துகொள்ளும் யந்திரத்தையே நிறுத்துகிற முற்றிலும் புது வகை மருந்து. அதையும் வேறு மூன்றையும் சேர்த்து ஊசியே இல்லாமல் ஆறு மாதத்தில் முடிக்கும் சிகிச்சையை 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. பெடாக்குவிலினின் காப்புரிமையை மேலும் நாலு வருஷத்துக்கு நீட்டிக்க அதைத் தயாரிக்கும் கம்பெனி செய்த விண்ணப்பத்தை, 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. ஆட்சேபம் தெரிவித்தவர்களில் முன்னின்றவர்கள் இரண்டு பெண்கள், ஒருவர் இந்தியர், ஒருவர் தென்னாப்பிரிக்கர். இருவரும் இந்நோயிலிருந்து மீண்டவர்கள், இருவரும் மருந்தால் செவிப்புலன் இழந்தவர்கள். ஐசோனியாசிடுக்குத் தற்செயலாக வாய்த்த மலிவு, இம்மருந்துக்குச் சண்டை போட்டுத்தான் கிடைக்க வேண்டியிருந்தது.

எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் பையன் ஒருவன் சில வருஷங்களுக்கு முன்பு காசநோய்ச் சிகிச்சைக்கு உட்பட்டான். அவனுடைய மருந்து அட்டையைச் சுற்றிக் காகித உறை ஒன்று ஒட்டியிருந்தது; மாத்திரையை அழுத்தி வெளியே தள்ளினால் உறை கிழிந்து, உள்ளே ஒரு டெலிபோன் எண் தெரியும்; அந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், அன்று மருந்து எடுத்தாயிற்று என்று எங்கோ ஓரிடத்தில் கணக்கு ஏறும். சேத்துப்பட்டுக் கண்ணாடிக் குழாயின் பேரன் என்று நான் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தேன். ஒரு நாள் அவன் கூப்பிட மறந்துவிட்டான். மத்தியானத்துக்குள் சுகாதாரப் பணியாளர் வாசலில் வந்து நின்றார். அதுவரை மறைத்து வைத்திருந்த விஷயம் அண்டை வீட்டாருக்குத் தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு அவன் ஒரு நாளும் தவறவில்லை.

சிகிச்சை முடிய இரண்டு வாரம் இருக்கையில் அவனை ஒரு காலையில் பார்க்கப் போனேன். சமையற்கட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டான்; போனை எடுத்து எண்ணை அழுத்தி வைத்தான். பிறகு என் பக்கம் திரும்பி வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான். நான் கேட்கவே இல்லை.